முதுமையில் மூளை வளருமா?



முன் விறாந்தையில் மூத்தம்மா உட்கார்ந்திருக்கிறார். பிறந்து நாற்பது நாளான பூட்டப்பிள்ளை அவரது மடியில் கிடக்கிறது. "இவட பேர் என்ன மகள்?" என்று கேட்கிறார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. அடுப்படியிலிருந்து மகள் பெயரைச் சொல்கிறார். குரலில் கொஞ்சம் சலிப்பு தெரிகிறது. வேலியருகே நின்ற பக்கத்து வீட்டு மாமி ஆறுதல் சொல்கிறார்: "வயசு போனா அப்படித்தான் புள்ள, என்ன செய்யிற?"

இந்தக் காட்சியைக் காணாத வீடு நம்மிடையே குறைவு. "வயசு போனா அப்படித்தான்" என்ற அந்த ஒரு வசனத்தோடு எத்தனையோ காரியங்கள் முடிந்துவிடுகின்றன. டொக்டரிடம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் போய்விடுகிறது. "நீங்க சும்மா இருங்க உம்மா" என்று கையிலிருந்த அகப்பையை அன்போடு வாங்கிவிடுகிறோம். மெல்ல மெல்ல அவரோடு பேசுவதும் குறைகிறது. எல்லாம் அன்பினாலும் இயலாமையினாலும் நடப்பவைதான்.

ஆனால் அந்த வசனம் முழு உண்மையா? வயது போன மூளை இனித் தேய மட்டும்தான் செய்யுமா? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

நூறு வருட நம்பிக்கை

விஞ்ஞானமும் நெடுங்காலம் நமது மாமி சொன்னதையே சொன்னது. நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்து, அத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1906இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்தவரின் மூளையில் நரம்புக் கலங்கள் இறக்கலாம், புதிதாகத் தோன்றுவதில்லை என்பது அவர் கருத்து. அதன்பின் வந்தவர்களும் அதையே பாடமாக்கினார்கள்.

1960களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இருந்த ஜோசப் ஆல்ட்மன் வேறொன்றைக் கண்டார். புதிதாகப் பிரியும் கலங்களை மட்டும் அடையாளமிடும் கதிரியக்கப் பொருளொன்றை வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தினார். மூளையில் புதிய நரம்புக் கலங்கள் தென்பட்டன. 1965இல் கோபால் தாஸுடன் சேர்ந்து அதை விரிவாக வெளியிட்டார். பெரும்பாலானோர் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. 1980களில் பெர்னாண்டோ நொட்டபோம் என்பவர், பாடும் கனேரிக் குருவிகளின் மூளையில் வளர்ந்த பின்னும் புதிய நரம்புக் கலங்கள் தோன்றுவதைக் காட்டினார். 1992இல் கனடாவின் கல்கரி நகரில் ரெனோல்ட்ஸ், வைஸ் என்ற இருவர் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து கலங்களை எடுத்து, ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சேர்த்தபோது, அவை கண்ணாடிப் பாத்திரத்திலேயே பெருகின.

மனிதருக்கு? 1998இல் சுவீடனின் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும் தம் குழுவினருடன் விடை சொன்னார்கள். புற்றுநோயாளிகள் ஐவருக்குச் சிகிச்சைக் காலத்தில், பிரியும் கலங்களை அடையாளமிடும் மருந்தொன்று ஏற்றப்பட்டிருந்தது. அவர்கள் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது புதிய நரம்புக் கலங்கள் காணப்பட்டன. அந்த ஐவரில் 72 வயதானவரும் ஒருவர்.

விதை நெல்லைப் போல

இந்தப் புதிய கலங்கள் எங்கிருந்து வருகின்றன? மூலக்கலங்களிலிருந்து. ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்பார்கள். நெல் அறுத்தபின் எல்லாவற்றையும் குற்றிச் சமைத்துவிடுவதில்லை அல்லவா? அடுத்த போகத்துக்கென்று விதை நெல்லை ஒதுக்கி வைக்கிறோம். உடம்பும் அப்படியே சில கலங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு மூலக்கலம் இரண்டாகப் பிரியும்போது ஒன்று விதையாகவே இருக்க, மற்றது முளைத்து நரம்புக் கலமாகலாம்.

மூளை முழுவதிலும் இவை இல்லை. குறிப்பாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் நமக்கு முக்கியமானது ஹிப்போகேம்பஸ் எனும் பகுதி. கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் வந்த பெயர். காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் நினைவில் பதிய வைப்பது இதன் வேலை. மூத்தம்மாவுக்கு ஐம்பது வருடத்துக்கு முந்திய கலியாண வீட்டுக் கதை ஞாபகமிருக்க, காலையில் கேட்ட பெயர் மறந்து போவதற்கு இந்தப் பகுதியின் தளர்ச்சி ஒரு காரணமாக இருக்கலாம்.

கலங்கள் பேசிக்கொள்கின்றன

விதை எப்போது முளைக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? ஈரமும் வெயிலும் மண்ணும் சொல்கின்றன. மூலக்கலத்துக்கு அதன் அயலில் உள்ள கலங்கள் சொல்கின்றன. கலங்களுக்கு வாய் இல்லை. அவை சிறு புரதங்களை வெளிவிடுகின்றன. மற்றக் கலத்தின் மேற்பரப்பில் அந்தப் புரதத்துக்கென்றே அமைந்த வாங்கிகள் உண்டு. பூட்டும் திறப்பும் போல் ஒன்று மற்றதில் பொருந்தியதும், செய்தி உள்ளே கருவரை போகிறது. சில பரம்பரை அலகுகள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. இதைத்தான் கலச் சமிக்ஞை என்கிறார்கள்.

மூளையின் மூலக்கலத்துக்கு வரும் செய்திகளில் மூன்றை அறிந்துகொண்டால் போதும். விண்ட் எனும் குடும்பத்துப் புரதங்கள் "முளை, நரம்பாகு" என்கின்றன. பீ.எம்.பீ. எனும் புரதங்கள் "இப்போது வேண்டாம், தூங்கு" என்கின்றன. நொட்ச் எனும் சமிக்ஞை "நீ விதையாகவே இரு" என்று காவல் காக்கிறது.

தூங்கச் சொல்வது கெட்ட செய்தி, முளைக்கச் சொல்வது நல்ல செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். சுண்டெலிகளில் நொட்ச் சமிக்ஞையை நிறுத்திப் பார்த்தார்கள். விதைகள் அவசரமாக முளைத்தன. பின்னர் விதையே தீர்ந்து போயிற்று. மூன்று செய்திகளும் அளவோடு சேர்ந்து வரும்போதுதான் காரியம் நடக்கிறது.

வயதாகும்போது நடப்பது

வயது ஏற ஏற இந்த அளவு பிசகுகிறது. மூன்று திசைகளிலிருந்து.

முதலாவது, அயலவரிடமிருந்து. முதிய சுண்டெலியின் மூளையில் டிக்கோப்-1 எனும் புரதம் கூடுகிறது. இது விண்ட் புரதத்தின் வாயை மூடிவிடுகிறது. 2013இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகர ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தை உண்டாக்கும் அலகை நீக்கிப் பார்த்தார்கள். முதிய சுண்டெலிகளிலும் புதிய நரம்புக் கலங்கள் கூடின. இடங்களை நினைவு வைக்கும் திறனும் மேம்பட்டது.

இரண்டாவது, மனச்சுமையிலிருந்து. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பிகள், மனவழுத்தத்தின்போது ஒரு வகை ஓமோன்களைச் சுரக்கின்றன. இவை நீண்டகாலம் கூடுதலாக இருந்தால் மூலக்கலங்கள் பிரிவதைக் குறைக்கின்றன. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதிய எலிகளில் இந்த ஓமோன்களைக் குறைத்தபோது, புதிய நரம்புக் கலங்களின் உற்பத்தி மீண்டும் உயர்ந்தது.

மூன்றாவது, இரத்தத்திலிருந்து. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம் சுண்டெலியையும் ஒரு முதிய சுண்டெலியையும் பக்கவாட்டில் இணைத்து, இரண்டின் இரத்தமும் ஒன்றாக ஓடும்படி செய்தார்கள். 2011இல் முடிவு வெளியாயிற்று. இளம் சுண்டெலியின் மூளையில் புதிய நரம்புக் கலங்கள் குறைந்தன. முதியதன் மூளையில் கூடின. முதிய இரத்தத்தில் மிகுந்திருந்த ஈயொட்டக்சின் எனும் புரதத்தை மட்டும் இளம் சுண்டெலிகளுக்கு ஏற்றியபோதும் அதே குறைவு ஏற்பட்டது. உடம்பின் எங்கோ ஒரு மூலையில் உண்டாகும் அழற்சியின் செய்தியை இரத்தம் மூளைவரை கொண்டுபோகிறது என்பது இதிலிருந்து விளங்கிற்று.

இவற்றையெல்லாம் கேட்டால், முதிய மூளையின் விதைகள் உளுத்துப் போய்விட்டன என்றுதான் தோன்றும். 2019இல் அதே ஹைடல்பேர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. முதிய சுண்டெலியின் மூளையில் மூலக்கலங்கள் குறைந்திருந்தது உண்மை. எஞ்சியிருந்தவையோ பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தன. அயலில் உள்ள அழற்சிச் செய்திகளே அவற்றைத் தூங்க வைத்தன. தட்டியெழுப்பியபோது இளம் கலங்களைப் போலவே வேலை செய்தன. நீறு பூத்த நெருப்பு என்போமே, அதுதான். சாம்பலுக்குள் தணல் இருந்தது.

2024இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். முதிய மூலக்கலங்கள் குளுக்கோசை அதிகமாக உள்ளிழுக்கின்றன. அந்த வாசலை உண்டாக்கும் அலகை முதிய சுண்டெலிகளில் நீக்கியபோது புதிய நரம்புக் கலங்கள் இரு மடங்குக்கு மேல் கூடின. இதை வாசித்துவிட்டு மூத்தம்மாவின் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள்! ஆய்வுகூடத்தில் ஒரு கலத்தின் வாசலை அடைப்பது வேறு, வீட்டில் ஒரு மனிதரைப் பட்டினி போடுவது வேறு.

ஓடிய சுண்டெலிகள்

அலகை நீக்குவதும் இரத்தத்தை இணைப்பதும் நமக்கு ஆகாத காரியங்கள். எளிய பரிசோதனை ஒன்றும் உண்டு. 2005இல், மனித வயதுக்குக் கிழப்பருவம் என்று சொல்லத்தக்க 19 மாதச் சுண்டெலிகளின் கூட்டில் ஓடும் சில்லொன்றை வைத்தார்கள். விரும்பினால் ஓடலாம். ஓடியவற்றின் மூளையில் புதிய நரம்புக் கலங்களின் உற்பத்தி, இளமையில் இருந்ததில் பாதியளவுக்கு மீண்டும் ஏறிற்று. அவை புதிய இடங்களை விரைவாகவும் கற்றுக்கொண்டன.

ஓடுவது கால், விழிப்பது மூளை. இடையில் செய்தி கொண்டுபோனது யார்? 2020இல் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விடை கிடைத்தது. ஓடிய முதிய சுண்டெலிகளின் இரத்தத் திரவத்தை, ஓடாமல் சும்மா இருந்த முதிய சுண்டெலிகளுக்கு ஏற்றினார்கள். சும்மா இருந்தவற்றிலும் புதிய நரம்புக் கலங்கள் கூடின. காரணங்களில் ஒன்று, உடற்பயிற்சியின்போது ஈரல் சுரக்கும் ஒரு நொதியம். சுறுசுறுப்பாக நடமாடும் முதியவர்களின் இரத்தத்திலும் அந்த நொதியம் கூடுதலாக இருந்தது.

மனிதரில் எப்படி?

இங்கே நிதானம் வேண்டும். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை எலிகளிலும் சுண்டெலிகளிலும் கண்டவை. வளர்ந்த மனிதரின் மூளையில் எவ்வளவு புதிய நரம்புக் கலங்கள் தோன்றுகின்றன என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரும் வாதம் நடந்தது.

2013இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தினர் ஒரு நூதன வழியைக் கையாண்டார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஒருவகைக் கரியணு மிகுந்தது. பின்னர் அது ஆண்டுக்காண்டு குறைந்தது. உணவின் வழியாக அது நம் எல்லோரின் கலங்களிலும் சேர்ந்திருக்கிறது. ஒரு கலத்தில் அது எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தால் அக்கலம் எந்த ஆண்டில் பிறந்ததெனக் கணிக்கலாம். இப்படிக் கணித்து, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 புதிய நரம்புக் கலங்கள் சேர்வதாகச் சொன்னார்கள்.

2018இல் கலிபோர்னியாவின் ஒரு குழு, வளர்ந்தவர்களின் மூளையில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. அதே ஆண்டில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, 79 வயதுவரை இருக்கிறது என்றது. 2019இல் ஸ்பெயினின் மட்ரிட் நகர ஆய்வாளர்கள் 87 வயதான ஒருவரிலும் இளம் நரம்புக் கலங்களைக் கண்டதாக எழுதினார்கள். அல்சைமர் எனும் மறதி நோயுள்ளவர்களில் அவை வெகுவாகக் குறைந்திருந்தன. 2025இல் கரோலின்ஸ்கா குழுவினர், வளர்ந்தவர்களின் மூளையில் பிரிந்துகொண்டிருக்கும் தாய்க் கலங்களையே அடையாளம் கண்டதாக அறிவித்தார்கள். ஆளுக்காள் அளவு பெரிதும் வேறுபட்டது. சிலரில் அவை மிகக் குறைவு.

ஆகவே, முதிய மூளை முற்றாக நின்றுவிட்ட ஒன்றல்ல என்பதற்குச் சான்றுகள் வலுத்து வருகின்றன. ஆனால் மனிதரின் மூளை விதைகளைத் தட்டியெழுப்பி மறதியைக் குணமாக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

விற்க வருவோரிடம் கவனம்

மருந்து இல்லாத இடத்தில் வியாபாரம் முளைக்கும். "ஸ்டெம் செல் ஊசி", "இளைஞரின் இரத்தம்" என்றெல்லாம் உலகின் பல இடங்களில் பெரும் பணத்துக்கு விற்கிறார்கள். இளைஞரின் இரத்தத் திரவத்தை ஏற்றுவதால் மறதி நோய்க்கோ முதுமைக்கோ நிரூபிக்கப்பட்ட பயன் இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இலேயே எச்சரித்தது.

மூலக்கல ஊசியின் ஆபத்து இன்னும் பெரியது. ஒரு சிறுவனுக்கு, அவனது அரிய நரம்பு நோய்க்காக, மொஸ்கோவில் 2001இலிருந்து பிறரின் நரம்பு மூலக்கலங்களை மூளையில் ஏற்றினார்கள். நான்கு ஆண்டுகளின் பின் மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டிகள் காணப்பட்டன. அவை ஏற்றப்பட்ட கலங்களிலிருந்தே வளர்ந்தவை என்பதை 2009இல் வெளியான மருத்துவ அறிக்கை உறுதி செய்தது. கேட்டுக் கேள்வியின்றி முளைக்கும் விதைக்குப் பெயர்தான் புற்று. நகையை அடகு வைத்து இப்படியான சிகிச்சைக்குப் போக எண்ணுவோர் இருந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

நம் வீட்டில் செய்யக்கூடியது

முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். மறதியெல்லாம் முதுமையல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பீ12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் சிறுநீர்க் கிருமித் தொற்றோ, பாரிசவாதமோ, வேறேதுமோ இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது நடை. 2011இல் அமெரிக்காவில் 55 முதல் 80 வயதுவரையான 120 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், படிப்படியாகக் கூட்டி 40 நிமிடம் நடந்தது. மற்றக் குழு கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஓர் ஆண்டின் பின் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களில் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை. புதிய கலங்கள்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் இருதயத்துக்கும் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் நல்லதான நடை, மூளைக்குத் தீங்காகப் போவதில்லை. மூத்தம்மாவின் கையைப் பிடித்து வளவைச் சுற்றி வருவதிலிருந்து தொடங்கலாம்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதி நோய்க்கு வழிவகுப்பவையும் நம்மால் மாற்றக்கூடியவையுமான 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவையெல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீதமான மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது பிற்போடலாம் என்பது அதன் கணிப்பு. உயர் பிரஷர், சீனி வருத்தம், கெட்ட கொலஸ்ட்ரோல், உடல் அசைவின்மை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அதில் உண்டு. காது கேளாமையும் கண் பார்வைக் குறைவும் உண்டு. பல வீடுகளில் "மறதி" என்று சொல்வது உண்மையில் காதில் விழாததுதான். காதைப் பரிசோதியுங்கள். கண்ணில் வெண்புரை இருந்தால் காலம் கடத்தாதீர்கள்.

இந்தப் பட்டியலை உங்களுக்காகவும் வாசியுங்கள் சகோதரிகளே. இவற்றுள் பல நாற்பது, ஐம்பது வயதிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. எல்லோருக்கும் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் பிரஷரை அளந்து பார்க்காத பெண்கள் நம்மிடையே ஏராளம். முதியவரைப் பராமரிப்பதும் பாரமான வேலைதான். அதை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல் மகன்மாரும் பேரப்பிள்ளைகளும் பங்கெடுக்கட்டும்.

இனி அந்த விறாந்தைக்குத் திரும்புவோம். மூத்தம்மா ஐந்தாவது தடவையும் கேட்கப் போகிறார். "அப்பவே சொன்னேனே" என்று சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள். அவரையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். யாருடைய பெயரை ஒட்டி அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்று பேச்சுக் கொடுங்கள். வாங்கிய அகப்பையை இல்லாவிட்டாலும், முருங்கை இலை ஆய்கிற சுளகையாவது அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். அவரது மூளைக்குள் ஒரு விதை விழிக்குமா என்பதை நாம் காணப் போவதில்லை. அவர் முகம் விழிப்பதைக் காணலாம்.